வெள்ளை கவுன் கேட்கும் மகளும் காலையில் வரும் வயிற்றுவலியும்

வடசென்னையிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.) கணவருக்கு ஷிப்ட் வேலை, இவருக்குத் தையல் வேலை, வீட்டில் மாமியாரும் இருக்கிறார். எட்டு வயது மகள், தெருமுனையில் உள்ள அரசு உதவி பெறும் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டாம் வகுப்பு வரை துள்ளிக்கொண்டு போனவள், ஜூலையிலிருந்து காலையில் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று சுருண்டு படுக்கிறாள். காலாண்டு விடுமுறை முழுக்க வலி இல்லை. பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் மாலையே திரும்பி வந்துவிட்டது. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் லீவு. வகுப்பில் அழுதபோது மிஸ் எல்லார் முன்னாலும் "நடிக்காதே" என்று சொல்லியிருக்கிறார்.

மகளின் உயிர்த்தோழி இந்த ஆண்டு கிறிஸ்து அரசர் திருநாளன்று புதுநன்மை (கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல் முறையாக நற்கருணை அப்பம் வாங்கும் சடங்கு) வாங்கப்போகிறாள். கேட்டகிசம் என்ற மத போதனை பீரியடில் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு அறைக்கும், மற்றவர்கள் மாரல் சயின்ஸுக்கு இன்னொரு அறைக்கும் போகிறார்கள். புதுநன்மைப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரு செட்டாகிவிட்டார்கள். "நீ எங்க செட் இல்ல" என்று சாப்பாட்டு நேரத்தில் இவளை விலக்குகிறார்கள். ஒருத்தி "உங்க சாமி நிஜ சாமி இல்ல" என்றும் சொல்லியிருக்கிறாள். வீட்டிலோ மகள் "எனக்கும் வெள்ளை கவுனும் கிரீடமும் வேணும்" என்று அடம்பிடிக்கிறாள். அக்டோபரில் பள்ளியில் நடக்கும் செபமாலை ஜெபத்தில் கேட்டுக் கேட்டு "அருள் நிறைந்த மரியே" முழுவதும் ஒப்பிக்கிறாள். மாமியார், "பிள்ளையை மாத்திடுவாங்க, உடனே டி.சி. வாங்கு" என்கிறார். கணவர், "எல்லாம் நடிப்பு, ஒரு அடி போட்டா சரியாகிடும்" என்கிறார். வலி நிஜமா, பள்ளியில் மதத்தைத் திணிக்கிறார்களா, புகார் சொன்னால் பிள்ளையைப் பழிவாங்குவார்களா, பள்ளியை மாற்றிவிடலாமா, மாமியாரிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. தோழிகள் விலக்கியதால் உங்கள் மகள் தனியாக நிற்கிறாள் என்பது ஒன்று. பள்ளியின் மத வழக்கங்களில் உங்கள் பிள்ளை எவ்வளவு தூரம் கலந்துகொள்ளலாம் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நியாயமான பதில் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே புகாராகக் கொண்டுபோனால், பள்ளி தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவே பேசும், வீட்டார் மதத்தைக் காப்பாற்றவே பேசுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எல்லாரும் மறந்துவிடுவோம். அதனால் இரண்டையும் தனித்தனியாகவே எடுத்துக்கொள்வோம்.

முதலில் வயிறு

வலி நிஜம். பயமோ துக்கமோ வந்தால் இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் குடலின் அசைவு மாறும், வயிறு இழுத்துப் பிடிக்கும். தொப்புளைச் சுற்றி வருவது, விடுமுறையில் மறைவது, ஞாயிறு மாலையில் தலைகாட்டுவது எல்லாம் இந்த வகை வலிக்கு உரிய அடையாளங்கள். மனதிலிருந்து வருகிறது என்பதால் வலி குறைவு என்று ஆகாது. உங்கள் கணவருக்கு இதை மெதுவாகப் புரியவையுங்கள். நடிக்கும் பிள்ளை விடுமுறையின் கடைசி மாலையில் படுக்க மாட்டாள், மறுநாள் காலைதான் படுப்பாள். அடித்தால் வலி நிற்காது, வலியைச் சொல்வதுதான் நிற்கும்.

இருந்தாலும் ஒரு முறை குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் மலச்சிக்கல் இருக்கிறதா என்ற பரிசோதனையும் முக்கியம். பல பெண் பிள்ளைகள் பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க அடக்கிக்கொள்கிறார்கள். அதனால் சிறுநீர்த் தொற்றும் வரும், மலமும் இறுகும், வயிறும் வலிக்கும். மாலையில் வாட்டர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். காலையில் நிரப்பிய தண்ணீர் அப்படியே திரும்பி வந்தால் அதுவே ஒரு தகவல். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, யாருடன் போகிறாள் என்று கேளுங்கள். தோழி விலகிய பிறகு கழிப்பறைக்குத் துணை இல்லாமல் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

காலையில் சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம், காலுக்குக் கீழே சின்ன ஸ்டூல் வைத்து, அவசரப்படுத்தாமல் கழிப்பறையில் உட்கார வையுங்கள். சாப்பிட்டவுடன் குடல் இயல்பாகவே அசையும், அந்த நேரத்தைப் பழக்கிவிட்டால் பள்ளியில் அடக்க வேண்டிய தேவை குறையும். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, மலத்தில் ரத்தம், பச்சையாக வாந்தி, விடாத காய்ச்சல், வலது அடிவயிற்றில் மட்டும் வலி, இவற்றில் எது இருந்தாலும் மனக்காரணம் என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

வலிக்கிற அன்று லீவு போடும் வழக்கத்தைக் குறைத்தாக வேண்டும். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அடுத்த நாள் போவதைக் கடினமாக்கும். போகாத நாளில்தான் மற்ற பிள்ளைகள் இன்னும் நெருக்கமாவார்கள் என்பது இன்னொரு கஷ்டம். காய்ச்சலோ வாந்தியோ இல்லாத வலி என்றால், "வலிக்குதுன்னு தெரியும்மா, வெந்நீர் குடிச்சிட்டுப் போகலாம், மத்தியானமும் வலிச்சா மிஸ்கிட்ட சொல்லு" என்று சொல்லி அழைத்துப் போங்கள். தவிர்க்க முடியாமல் வீட்டில் இருந்தால் டி.வி., மொபைல் வேண்டாம். படுக்கை, கஞ்சி, பாடப் புத்தகம் மட்டும் போதும். தண்டனையாக அல்ல, வீடு பள்ளியைவிட இனிப்பாகிவிடக் கூடாது என்பதற்காக.

கேட்கும் விதம்

"ஏன் அழற? யாரு என்ன பண்ணாங்க?" என்று கேட்டால் எட்டு வயதுப் பிள்ளை "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லும். காரணம் சொல்வது அந்த வயதுக்குக் கடினம், நடந்ததைச் சொல்வது எளிது. தூங்கப் போகும்போது பக்கத்தில் படுத்துக்கொண்டு, "இன்னிக்குச் சாப்பாட்டு பெல் அடிச்சதும் எங்க உட்கார்ந்த? பக்கத்துல யாரு?" என்று கேளுங்கள். வகுப்பறையை வரையச் சொல்லி யார் எங்கே உட்காருவார்கள், தான் எங்கே என்று குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் தேதி, வலி வந்த நேரம், அன்றைய டைம்டேபிள் மூன்றையும் எழுதி வையுங்கள். கேட்டகிசம் பீரியட் உள்ள நாட்களில் வலி கூடுகிறதா, கணக்கு டெஸ்ட் நாட்களில் கூடுகிறதா என்பது அதிலேயே தெரியும். சில சமயம் நாம் நினைத்த காரணம் வேறாகவும், நோட்டு காட்டும் காரணம் வேறாகவும் இருக்கும்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். பள்ளிக்குப் போக மறுக்கும் எந்தப் பிள்ளையிடமும் இதைக் கேட்காமல் விடக் கூடாது: "உனக்குப் பிடிக்காத மாதிரி யாராவது தொட்டாங்களா? ரகசியமா வெச்சுக்கச் சொன்னாங்களா?" ஒரே ஒருமுறை, பதற்றமில்லாத குரலில், எந்தப் பெயரையும் நீங்களாக எடுத்துக்கொடுக்காமல் கேளுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆம் என்றால் குறுக்கு விசாரணை செய்யாமல், சொன்னதற்காக அவளை அணைத்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். பள்ளி நிர்வாகமும் தனக்குள் பேசி முடித்துக்கொள்ள முடியாது.

புதுநன்மையும் உங்கள் உரிமையும்

உங்கள் மாமியாரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதில் ஒரு தவறான எண்ணம் கலந்திருக்கிறது. புதுநன்மை என்பது ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும். திருச்சபைச் சட்டப்படியே ஞானஸ்நானம் பெறாதவர் மற்ற அருட்சாதனங்களை, அதாவது திருச்சபையின் புனிதச் சடங்குகளை, பெற முடியாது. பிள்ளைகள் விவரம் தெரியும் வயதை, அதாவது சுமார் ஏழு வயதை எட்டினாலே நற்கருணை வாங்கலாம் என்று திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910-ல் அறிவித்தார். அதனால்தான் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இதற்குத் தயாராவதை நாம் பார்க்கிறோம். வகுப்பில் எல்லாரோடும் சேர்த்து உங்கள் மகளுக்கும் கொடுத்துவிடுவார்கள் என்று பயப்பட இடமில்லை.

பிறகு ஏன் கவுன் கேட்கிறாள்? தோழி தன்னை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்குத் தானும் போகவேண்டும் என்றுதான். எட்டு வயதில் கவுனும் கிரீடமும் மெழுகுவர்த்தியும் "அந்த செட்டில் நானும் இருக்கிறேன்" என்பதற்கான சீட்டு, அவ்வளவுதான். திட்டாமல் நேராகச் சொல்லுங்கள்: "அது அவங்க கோயில்ல ஞானஸ்நானம் வாங்கின பிள்ளைங்களுக்குச் செய்யறது. உனக்குக் காது குத்தினப்போ மாமா மடியில உட்கார வெச்சோமே, அந்த மாதிரி அது அவங்க வீட்டு விசேஷம். அவ கூப்பிட்டா நாம எல்லாரும் போய்ப் பரிசு கொடுத்துட்டு வரலாம்." கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். அந்த ஒரு மதியச் சாப்பாடு இரண்டு குடும்பத்துக்கும் நடுவே செய்யும் வேலையை எந்த ஆலோசகரும் செய்ய முடியாது. ஜெபத்தை ஒப்பிப்பதையும் பெரிதாக்காதீர்கள். தினமும் காதில் விழும் தாளமுள்ள எதையும் இந்த வயது பிடித்துக்கொள்ளும். அதட்டினால் அவளுக்குப் பிடித்த ஒன்று குற்றமாகிவிடும். வீட்டில் ஒரு குற்றம், பள்ளியில் ஒரு விலக்கல் என்று இரண்டு பக்கமும் அவள் நிற்க இடம் இருக்காது.

இனி உரிமை. தங்கள் விருப்பப்படி பள்ளி தொடங்கி நடத்தும் உரிமை சிறுபான்மையினருக்கு அரசியலமைப்பின் 30-வது பிரிவில் உண்டு. ஆகவே கேட்டகிசம் பீரியட் நடப்பதே தவறு என்று வாதாட முடியாது. ஆனால் 28(3) பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது: அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு சிறு பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. கத்தோலிக்கத் திருச்சபையும் இதையே சொல்கிறது. மற்ற மதப் பிள்ளைகள் மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கக் கூடாது, காலை அசெம்பிளியில் அரசியலமைப்பின் முகவுரையை வாசிக்கச் செய்யவேண்டும் என்று இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2024-ல் தன் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் தந்தது. தலைமை ஆசிரியை சிஸ்டருக்கு இது தெரிந்திருக்கும். நீங்கள் நினைவூட்டினால் போதும், சண்டை வேண்டியதில்லை.

செபமாலைக்கு உங்கள் மகள் உட்கார வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். எல்லாரும் ஹாலில் இருக்கும்போது அவள் மட்டும் காலி வகுப்பறையில் உட்கார்ந்தால், நீங்கள் தீர்க்க நினைக்கும் தனிமை இரட்டிப்பாகும். சம்மதம் தராதவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேராவது இருந்து, அந்த நேரத்தில் அவர்களுக்குக் கதைப் புத்தகமோ வரைவதோ ஒரு ஆசிரியையின் பார்வையில் நடந்தால் மட்டுமே இதைக் கேளுங்கள். இல்லையென்றால் ஹாலில் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம், வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று கேட்டு வாங்குவதே இப்போதைக்கு நல்லது என்பது என் கருத்து. முடிவு உங்களுடையது.

"உங்க சாமி நிஜ சாமி இல்ல" என்ற பேச்சு வேறு விஷயம். அது பிள்ளை பேசிய பேச்சாக இருக்கலாம், பெரியவர் யாரிடமாவது கேட்டதாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் பள்ளி அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. அதைச் சொன்ன எட்டு வயதுக் குழந்தைக்குத் தண்டனை கேட்காதீர்கள். வகுப்பு முழுவதற்கும் மிஸ் ஒரு தடவை பேசவேண்டும் என்று கேளுங்கள்.

பள்ளியில் பேசும் வரிசை

வகுப்பு மிஸ், பிறகு தலைமை ஆசிரியை, பிறகு தாளாளர், அதன் பிறகே கல்வித் துறை அலுவலர். இந்த வரிசையைத் தாண்டிக் குதித்தால் கீழே இருப்பவர் பிறகு உதவ மாட்டார். கேட்டில் வைத்தும், பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பிலும், அந்தத் தோழியின் அம்மாவிடம் கோபத்திலும் பேசவே வேண்டாம். மாலையில் எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு கால்மணி நேரம் கேட்டு வாங்குங்கள். மகளைப் பக்கத்தில் நிற்கவைத்துப் பேசாதீர்கள்.

மிஸ்ஸிடம் "நடிக்காதே" என்ற சொல்லிலிருந்து ஆரம்பித்தால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார். நோட்டைக் காட்டுங்கள், டாக்டர் சொன்னதைச் சொல்லுங்கள், பிறகு அந்தச் சொல் வீட்டில் அவளை எப்படிப் பாதித்தது என்று சொல்லுங்கள். பெரும்பாலான ஆசிரியைகள் அங்கேயே இறங்கி வருவார்கள். இறங்கி வராமல் அவமானப்படுத்துவது தொடர்ந்தால் அது வெறும் கண்டிப்பு ஆகாது. பள்ளிகளில் உடல் தண்டனை ஒழிப்பு வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. பிள்ளையை மனதளவில் துன்புறுத்துவதும் அவற்றில் அடங்கும்.

கேட்பதைச் செய்யக்கூடிய அளவில் கேளுங்கள்:

இடம்: அந்த செட்டுக்கு நடுவிலும் அல்லாமல், கடைசி பெஞ்சிலும் அல்லாமல், இணக்கமான ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது.

சாப்பாட்டு நேரம்: யார் யாருடன் சாப்பிடுவது என்பதைப் பிள்ளைகளிடம் விடாமல், வாரம் ஒருமுறை மாறும் சிறு குழுக்களாக மிஸ்ஸே பிரிப்பது. விலக்கல் அதிகம் நடப்பது பெரியவர் கண் இல்லாத இந்த அரைமணியில்தான்.

கேட்டகிசம் முடிந்து திரும்பும் நேரம்: இரண்டு அறைப் பிள்ளைகளும் வகுப்புக்கு வந்ததும் முதல் பத்து நிமிடம் எல்லாரையும் கலந்து ஒரு விளையாட்டோ குழு வேலையோ. பிரிந்து போனவர்கள் பிரிந்தே இருப்பதை இது தடுக்கும்.

கழிப்பறை: கேட்டவுடன் அனுமதி, கூட ஒரு பிள்ளை.

சென்னை போன்ற நகர்ப்புறங்களில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2025 ஆகஸ்ட் 26 முதல் வந்துவிட்டது. மயிலாப்பூரில் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில்தான் அதைத் தொடங்கி வைத்தார்கள். வலியால் வீட்டில் சாப்பிடாமல் போகிறாள் என்றால் அவளைச் சற்று முன்னதாக அனுப்பி அங்கே சாப்பிட விடுங்கள். மணி அடிப்பதற்கு முன்பே வேறு வகுப்புப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து சாப்பிடும்போது, அந்த நாலைந்து பேரைத் தவிரவும் பள்ளியில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரியவரும்.

பேசிவிட்டு வந்த அன்றே, பேசியதை நாலு வரியில் எழுதி, தேதி போட்டு, தலைமை ஆசிரியைக்குக் கொடுத்து ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். "இரண்டு வாரம் கழித்து வந்து பார்க்கிறேன்" என்று தேதியும் குறித்துவிடுங்கள். தேதி இல்லாத உறுதிமொழி பள்ளியின் அன்றாட வேலையில் கரைந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஒரு மிஸ்ஸுக்கு முப்பது நாற்பது பிள்ளைகள்.

டி.சி. பயத்தைப் பற்றி. பெற்றோர் புகார் கொடுத்தார்கள் என்பது ஒரு பிள்ளையை வெளியே அனுப்பக் காரணம் ஆகாது. யாராவது வாய்மொழியாக அப்படிச் சொன்னால் "எழுத்தில் கொடுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். பிறகு வட்டாரக் கல்வி அலுவலரிடமோ, பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலோ சொல்லலாம். ஒரு எச்சரிக்கையும் உண்டு. பலர் கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு எண்களைப் பார்த்து எழுதிக்கொண்டு போய் வாதாடுகிறார்கள். அந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை மறுபடி பார்க்கவேண்டும் என்று 2025-ல் இரு நீதிபதிகள் கருத்துச் சொன்னாலும், இன்று அதைக் காட்டி வாதாடினால் பள்ளி எளிதாகப் பதில் சொல்லிவிடும். உங்கள் கையில் உள்ள உறுதியான பிடி 28(3)-ம் உங்கள் நோட்டும்தான்.

பள்ளியை மாற்றுவது

இப்போது, ஆண்டின் நடுவில், வேண்டாம். வலிக்குக் காரணம் தெரியாமல் மாற்றினால் புதுப் பள்ளியிலும் முதல் சண்டையில் வயிறு வலிக்கும். "வலித்தால் இடத்தையே விட்டுப் போகலாம்" என்பதையும் அவள் கற்றுக்கொள்வாள். நடந்து போகும் தூரம், இரண்டு ஆண்டுப் பழக்கம், தெரிந்த ஆயா, இவையெல்லாம் சின்ன விஷயங்கள் அல்ல. ஆறு முதல் எட்டு வாரம் நான் சொன்னதைச் செய்து பாருங்கள். பள்ளி பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, விலக்கல் தொடர்கிறது, அல்லது வழிபாட்டில் கட்டாயப்படுத்துகிறார்கள் என்றால் ஏப்ரலில் தயங்காமல் மாற்றுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை. அப்போதும் "அந்தப் பள்ளி கெட்டது" என்று அவளிடம் சொல்லவேண்டாம், தோழியிடம் விடைபெற ஒரு நாள் கொடுங்கள்.

இடையில் தொடர்ந்து இரண்டு வாரம் பள்ளிக்கே போக முடியாமல் போனாலோ, தூக்கம் கெட்டாலோ, "நான் செத்துப்போறேன்" போன்ற பேச்சு ஒரு முறை வந்தாலோ காத்திருக்காதீர்கள். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் காட்டலாம். அரசின் மனநல உதவி எண் 14416-ல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

மாமியாரிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அவரிடம் வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். மேலே சொன்ன சட்ட விவரத்தை, பள்ளிக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதியோடு உட்கார்ந்து காட்டுங்கள். நீங்கள் கவனமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தாலே பாதி பயம் அடங்கும். பிறகு ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: "அத்தை, பள்ளிக்கூடத்தைப் பத்தி என்ன சொல்லணும்னாலும் அவ தூங்கின பிறகு எங்ககிட்ட சொல்லுங்க." "மாத்திடுவாங்க" என்ற சொல் அந்தப் பிள்ளையின் காதில் விழும்போது, தினமும் ஆறு மணி நேரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும் மிஸ்ஸும் சிஸ்டரும் அவளுக்கு ஆபத்தானவர்களாகிவிடுகிறார்கள். அதன் பிறகு அவளுக்கு எந்த உதவி வேண்டுமென்றாலும் அவர்களிடம் போய்க் கேட்க மாட்டாள். மாமியாருக்கு ஒரு வேலையும் கொடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் மாலையில் அவரே போய்ப் பேத்தியை அழைத்து வரட்டும், கேட்டில் நிற்கும் மற்றப் பாட்டிகளோடு பேசட்டும். அந்தத் தோழியின் பாட்டியும் அங்கேதான் நிற்பார்.